மேகத்துக்குப் போகும் பெட்டி



சில வாரங்களுக்கு முன்னர் ஒரு தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் கோலாலம்பூரில் கணினி வேலையில் இருக்கிறாள். இரவு பத்து மணிக்கு இவர் தொலைபேசியில் அழைத்தால், "அம்மா, கொள்கலனை மேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாளாம். "கொள்கலன் என்றால் லோரியில் போகிற இரும்புப் பெட்டிதானே ஐயா? அதை மேகத்தில் எப்படி ஏற்றுவது? இவள் என்ன வேலைதான் செய்கிறாள்?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

கேள்வி நியாயமானது. பிள்ளை பால் வெட்டப் போனால் விடியற்காலையில் என்ன செய்கிறான், எத்தனை மரம் வெட்டுகிறான் என்று வீட்டில் தெரியும். குலை அறுக்கப் போனாலும் தெரியும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் தெரிவதில்லை. அந்தத் தாயாருக்குச் சொல்லும் பதிலையே இன்றைய உரையாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மேகத்தைத் தரைக்கு இறக்கிவிடுவோம். கணினிக்காரர்கள் சொல்லும் மேகம் வானத்தில் இல்லை. அது ஒரு கட்டடம். உள்ளே அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். சூட்டைத் தணிக்கக் குளிர்ச்சி வேண்டும். ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்தில், முன்பு செம்பனை நின்ற தோட்ட நிலத்திலேயே இத்தகைய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. நம்மில் சிலருடைய தகப்பனார் குலை அறுத்த இடம் அது. அமேசான் நிறுவனம் 2010-இல் சிங்கப்பூரிலும், 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் இந்தச் சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2025-இல் மலேசியாவில் தொடங்கியது. அந்தக் காலத்தில் பொறியாளர்கள் தங்களுக்கு விவரம் தேவைப்படாத கம்பித் தொடர்புகளைப் படத்தில் ஒரு மேகமாக வரைந்து விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த பெயர்தான் இது. உள்ளபடி பார்த்தால், பிறருடைய கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் மேகம்.

சரி, வாடகைக்கு ஏன் எடுக்க வேண்டும்? சொந்தக் கணினி போதாதா? இதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஓரிடத்தில், குலை அறுப்பவர்களின் அன்றாடக் கணக்கை எழுதுவதற்கு ஒரு செயலி இருந்தது. அங்கு வேலை செய்யும் ஒருவரின் மகனே அதை எழுதிக் கொடுத்திருந்தான். குலை எண்ணுகிறவர் காட்டிலேயே கைத்தொலைபேசியில் எண்ணிக்கையைப் பதிந்துவிடுவார். மாலையில் ஒவ்வொரு குடும்பமும் அன்றைய கணக்கை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். "நேற்று எனக்கு இத்தனை குலை, நீ ஏன் குறைத்து எழுதினாய்?" என்ற வழக்கே ஓய்ந்துவிட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் வருடம் காகித செக்ரோலையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் செயலி ஓடியது அலுவலக அறையில் மேசைக்கு அடியில் இருந்த ஒரே ஒரு கணினியில். எழுதிய பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒரு நாள் பிற்பகல் மழையில் இடி விழுந்து அந்தக் கணினி கருகிப் போனது. கணக்கின் நகல் ஒன்று இருந்தது. ஆனால் அது மூன்று வாரத்துக்கு முந்தியது. செயலியின் நகலும் இருந்தது. புதுக் கணினி வாங்கி வந்து அதில் போட்டார்கள். ஓடவில்லை.

அதைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். என்னாலும் முடியவில்லை. பழைய கணினியில் அந்தப் பையன் அவ்வப்போது எதையெதையோ நிறுவியிருந்தான். ஒரு துணை நிரலில் இந்தப் பதிப்புதான் வேண்டும், இன்னோர் இடத்தில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டும் என்று பத்துப் பதினைந்து சங்கதிகள். ஒன்றையும் அவன் எழுதி வைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டோம். பாவம், அவனுக்கே நினைவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் சம்பள நாள் வந்துவிட்டது. தொலைந்த மூன்று வாரத்துக்கு முந்திய மாதங்களின் சராசரியைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மாதம் பாடுபட்டு அதிகம் அறுத்தவர்களுக்குத்தான் நட்டம். ஓர் அம்மா தம் கைத்தொலைபேசியைக் காட்டி, "இதில்தான் தினமும் பார்த்தேன் ஐயா, எல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்தில் மூன்று நோய்கள் இருப்பதைக் கவனியுங்கள். செயலி, தான் ஓடிய கணினியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணினியை எப்படி அமைத்தது என்பது ஒரே ஒருவன் தலைக்குள் இருந்தது. கணக்கின் நகல் பழையதாக இருந்தது. முதல் நோய்க்கு மருந்துதான் கொள்கலன்.

இரும்புக் கொள்கலனின் கதையைப் பார்ப்போம். முன்பெல்லாம் கப்பலில் சரக்கு ஏற்றுவது பெரிய பாடு. ரப்பர் கட்டு ஒரு வடிவம், மிளகு மூட்டை ஒரு வடிவம், எண்ணெய்ப் பீப்பாய் ஒரு வடிவம். ஒவ்வொன்றையும் ஆள் தூக்கி அடுக்க வேண்டும். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி, 58 பெட்டிகளை ஒரே அளவில் செய்து, நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். சிங்கப்பூரில் 1972-இலும் கிள்ளான் துறைமுகத்தில் 1973-இலும் கொள்கலன் முனையங்கள் வேலை தொடங்கின. இதில் உள்ள சூட்சுமம் இதுதான்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் நான்கு மூலையும் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும். கப்பல், ரயில், லோரி எதிலும் அது உட்காரும்.

அதே எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் ஐந்து நிமிடத்தில் அதைச் செய்து காட்டினார். அந்தக் கருவியின் பெயர் டாக்கர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி என்று பொருள். நம் செவிக்கு நல்ல பெயராகத்தான் படுகிறது.

டாக்கரில் என்ன செய்கிறோம்? ஒரு சிறு கோப்பில் சமையல் குறிப்புப் போல வரிசையாக எழுதுகிறோம். எந்த அடிப்படையின்மீது தொடங்குவது, எந்தத் துணை நிரல் எந்தப் பதிப்பில் வேண்டும், நம் செயலியை எந்த இடத்தில் வைப்பது, எந்தக் கட்டளையால் ஓடத் தொடங்குவது, இவ்வளவுதான். சின்னச் செயலிக்குப் பத்துப் பதினைந்து வரி போதும். டாக்கர் அதைப் படித்து, செயலியையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டிவிடும். இந்தக் கட்டுக்குப் படிமம் என்று பெயர். படிமத்தை எடுத்து ஓட விட்டால் அது கொள்கலன். ஒரு முறுக்கு அச்சிலிருந்து எத்தனை முறுக்கும் பிழியலாம் அல்லவா? அதுபோல ஒரு படிமத்திலிருந்து எத்தனை கொள்கலனும் ஓட்டலாம். மகளின் மடிக்கணினியில் ஓடியது, கூலாயில் உள்ள கணினியிலும் அப்படியே ஓடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்கைக் கொள்கலனுக்குள்ளே வைக்கக் கூடாது. கொள்கலன் நொறுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை ஓட்டுவார்கள். உள்ளே வைத்ததும் அதோடு போய்விடும். குலைக் கணக்கு, சம்பளக் கணக்கு போன்றவை வெளியே தரவுத்தளம் என்ற தனி இடத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் இதில்தான் முதலில் கை சுட்டுக்கொள்கிறார்கள்.

பெட்டி தயார். இனி அதை மேகத்தில் இறக்க வேண்டும். அங்கே என்னென்ன வேண்டும்? படிமத்தை வைக்க ஒரு கிடங்கு. கொள்கலனை ஓட்ட ஓர் இடம். அமேசானில் ஃபார்கேட் என்ற சேவை இதைச் செய்கிறது. கணக்குக்குத் தரவுத்தளம். வெளியார் வருவதற்கு ஒரு வாசல், வரக் கூடாதவரைத் தடுக்க ஒரு வேலி, யாருக்கு எந்தச் சாவி என்ற விதி. இவற்றையெல்லாம் இணையப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தியும் அமைக்கலாம். முதல் நாள் அது சுலபமாகவும் இருக்கும். ஆனால் நாற்பது ஐம்பது முறை அழுத்திய பிறகு, எதை அழுத்தினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? மேசைக்கு அடியில் இருந்த கணினி கூலாய்க்குப் போய்விட்டது. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. வாடகையும் கூடக் கட்ட வேண்டும்!

ஆகவே, இந்த அமைப்பையும் எழுதி வைக்கிறார்கள். கட்டடத்துக்கு வரைபடம் போல, மேகத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கோப்பாக எழுதி, அந்தக் கோப்பைக் கொண்டே இயந்திரத்தை அமைக்கச் செய்வது. இதனை உள்கட்டமைப்பை நிரலாக எழுதுதல் என்பர். இதற்குப் பல கருவிகள் உள்ளன. 2014-இல் வெளியான டெராஃபார்ம் அவற்றுள் பெரிதும் பழக்கத்தில் உள்ளது. 2023-இல் அதன் உரிம விதி மாறியதால், அதிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற பொதுக் கருவி பிரிந்து வந்தது. எழுதும் முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே.

எழுதும் முறையில் ஒரு விசேஷம் உண்டு. அதைத் தோட்ட வழக்கிலேயே சொல்லிவிடலாம். மண்டோர் ஓர் ஆளிடம், "இந்த நிரையில் முப்பது கன்று நடு" என்கிறார். ஆள் நட்டுவிட்டான். மறுநாள் மறதியாக அதையே மறுபடி சொன்னால், இன்னும் முப்பது கன்று நட வேண்டியதுதான், நிரை பாழாகும். மாறாக, "இந்த நிரையில் முப்பது கன்று இருக்க வேண்டும்" என்று சொன்னால்? ஆள் முதலில் போய் எண்ணுவான். முப்பதும் இருந்தால் மண்வெட்டியைத் தூக்கவே மாட்டான். பன்றி தோண்டி இரண்டு போயிருந்தால் இரண்டை மட்டும் நடுவான். டெராஃபார்ம் இந்த இரண்டாவது ஆளைப் போன்றது. என்ன செய் என்று சொல்லாமல், என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். எத்தனை முறை ஓட்டினாலும் இல்லாததை மட்டும் உண்டாக்கும். யாராவது கைப்பட எதையாவது மாற்றியிருந்தாலும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எண்ணிப் பார்த்ததைக் குறித்து வைக்க அதனிடம் ஒரு குறிப்பேடு உண்டு. கோப்பில் எழுதிய பெயர் மேகத்தில் உள்ள எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பது அதில்தான் இருக்கும். அது தொலைந்தால் கருவிக்குக் கண் தெரியாது. ஒன்றுமே இல்லை என்று நினைத்து எல்லாவற்றையும் புதிதாக அமைக்கப் புறப்படும். சில சமயம் கடவுச்சொற்களும் அதில் பதிந்திருக்கும். ஆகவே அந்தக் குறிப்பேட்டை ஒருவருடைய மடிக்கணினியில் வைக்காமல், பூட்டுள்ள பொது இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் தொடாதபடி தாழ்ப்பாளும் வேண்டும்.

இனி, அந்த மகள் இரவு பத்து மணிக்கு என்ன செய்கிறாள் என்ற இடத்துக்கு வருவோம். கோப்பை மாற்றியவுடனே கருவி எதையும் செய்துவிடாது. முதலில் 'பிளான்' என்று ஒரு கட்டளை கொடுக்கிறாள். இதையிதைச் செய்யப் போகிறேன் என்று கருவி ஒரு பட்டியல் காட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி இருக்கும். கூட்டல் குறி என்றால் புதிதாக உண்டாக்கப் போகிறது. நெளி கோடு என்றால் இருப்பதைத் திருத்தப் போகிறது. கழித்தல் குறி என்றால் அழிக்கப் போகிறது. கழித்தலும் கூட்டலும் சேர்ந்து வந்தால், இருப்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒன்று வைக்கப் போகிறது. பட்டியலைப் படித்து, சரி என்று கண்ட பிறகே 'அப்ளை' என்று கட்டளை கொடுத்து, 'யெஸ்' என்று தட்டச்சிட வேண்டும்.

இந்தக் கழித்தல் குறியை லேசாக எண்ணிவிடாதீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். தரவுத்தளத்தைக் குறியாக்கம் செய்து, வெளியார் படிக்க முடியாதபடி வைப்பது நல்ல காரியம். தொடக்கத்தில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நினைவு வந்து, கோப்பில் குறியாக்கம் 'இல்லை' என்றிருப்பதை 'ஆம்' என்று மாற்றுகிறோம். ஒரே ஒரு சொல். அதுவும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அமேசானின் தரவுத்தளச் சேவையில், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு இந்த மாற்றத்தை அப்படியே செய்ய இயலாது. ஆகவே டெராஃபார்ம் பழைய தரவுத்தளத்தை அழித்து, புதிதாகக் காலியான ஒன்றை வைக்க முற்படும். பட்டியலில் கழித்தலும் கூட்டலுமாகக் குறி வரும். நூறு வரிக்கு நடுவில் அது ஒரு வரி. படிக்காமல் 'யெஸ்' என்று தட்டினால், இடி விழாமலேயே கணக்கு போய்விடும்.

சரியான வழி வேறு. முதலில் தரவுத்தளத்தை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைக் குறியாக்கத்தோடு நகலெடுத்து, அந்த நகலிலிருந்து புதிய தரவுத்தளத்தை எழுப்ப வேண்டும். அதோடு, அழிப்பதற்குத் தடை என்று கோப்பிலேயே எழுதி வைக்கலாம். மேகச் சேவையிலும் அப்படி ஒரு பூட்டு உண்டு. இரண்டையும் போட்டு வைக்கிறவர்களே இந்தத் தொழிலில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இன்னும் இரண்டு ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பழகும்போது தங்கள் கோப்புகளை எல்லாரும் பார்க்கிற பொது இடத்தில் வைப்பார்கள். அதில் மேகத்தின் இரகசியச் சாவியையும் தெரியாமல் வைத்துவிட்டால், அதையே தேடிக்கொண்டிருக்கும் திருடர்களின் இயந்திரங்கள் சில நிமிடத்திலேயே பிடித்துவிடும். பிறகு யாரோ ஓட்டுகிற கணினிக்கு உங்கள் பிள்ளையின் பேரில் ரசீது வரும். இன்னொன்று, வாடகைக் கணினி சும்மா கிடந்தாலும் மணிக்கு மணி பணம் ஏறும். பழகி முடித்ததும் 'டெஸ்ட்ராய்' என்ற கட்டளையால் எல்லாவற்றையும் கலைத்துவிட வேண்டும். இவ்வளவுக்கு மேல் போனால் தகவல் அனுப்பு என்று செலவுக்கு ஓர் எச்சரிக்கையும் முதல் நாளே வைக்க வேண்டும். வங்கி அட்டை அப்பா பெயரில் இருந்தால் அப்பாவும் இதைக் கேட்டு வைப்பது நல்லது.

குலைக் கணக்குச் செயலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிங்கப்பூர்ப் பையன் வார இறுதிகளில் வந்து உட்கார்ந்து, இரண்டு கோப்புகளையும் எழுதினான். ஒன்று டாக்கருக்கு, ஒன்று டெராஃபார்முக்கு. எழுதியதும் ஒரு சோதனை வைத்தோம். அவன் தொடக் கூடாது. அந்தச் செயலியை அதுவரை பார்த்தே இராத ஒரு பெண், காலியான புதுக் கணக்கில், கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அதை எழுப்ப வேண்டும். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையனுக்கு வாய் துறுதுறுத்தது. பேசக் கூடாது என்று சொல்லிவிட்டோம். அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். தரவுத்தளக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது என்பதை அவன் எழுத மறந்திருந்தான். அதை எழுதிச் சேர்த்து, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் செயலி எழுந்து நின்றது. முன்பு பதினோரு நாள் ஆன வேலை.

இவ்வளவும் அறுபது குடும்பத்துக்குத் தேவையா என்று சிலர் கேட்டார்கள். என் கருத்தில், பெரிய அமைப்பு தேவையில்லை. சின்ன வாடகைக் கணினி ஒன்றில் அந்தக் கொள்கலனை ஓட்டி, தினமும் இரவில் கணக்கின் நகலை வேறோர் இடத்துக்கு அனுப்பினாலே போதும். வாசலும் வேலியும் அடுக்கடுக்காக வேண்டாம். ஆனால் அந்த இரண்டு கோப்புகளை மட்டும் விடக் கூடாது. அப்படித்தான் முடிவாயிற்று. மாதம் ஒரு முறை நகலிலிருந்து கணக்கை எழுப்பிப் பார்ப்பதென்றும் ஏற்பாடு. குலை எண்ணுகிறவர் இப்போது காகிதத்திலும் ஒரு வரி எழுதி வைக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்கிறார்.

அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, இரவு பத்து மணிக்கு மகள் பேசாமல் வைத்துவிட்டால், அவள் ஒரு நீண்ட பட்டியலில் கழித்தல் குறி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். யாருடைய கணக்கோ அதில் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடி அழையுங்கள். சாப்பிட்டாளா என்று அப்போது கேட்கலாம்.